அணுவுக்குள் சிதறிய புள்ளிகள்: ஒரு ரத்தப் புற்றுநோயின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே நிதானமா படிங்க.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நடந்தது. டெங்கு சீசன். வார்டில் ஒரு பெட்டுக்கு இரண்டு பேர். இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். வயது 23. நான்கு நாளாகக் காய்ச்சல், ஈறில் ரத்தக் கசிவு. மாதவிலக்கு நிற்கவே இல்லை. கால் முழுக்க நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் "டெங்குதான், தட்டணு குறைஞ்சிருக்கு" என்று இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

எங்களிடம் வந்தபோது தட்டணு 12 ஆயிரம். ஊசி குத்திய இடமெல்லாம் கசிந்துகொண்டே இருந்தது. டெங்குவில் நான் அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த பிஜி அண்ணன், "தம்பி, இது டெங்கு இல்லடா. ஸ்மியர் போட்டு வை"ன்னு சொன்னார். போட்டு வைத்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு அந்தப் பெண்ணுக்குத் தலைவலி. நாலே முக்காலுக்கு நினைவு போய்விட்டது. மூளைக்குள் ரத்தக்கசிவு. ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது.

ஸ்மியர் ரிசல்ட் பத்து மணிக்கு வந்தது. "அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கேமியா" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பா கையில் அந்தத் தாளைக் கொடுக்க வேண்டிய வேலை எனக்கு வந்தது. "இது என்ன நோய்ங்க தம்பி, இதுக்கு மருந்தே இல்லையா?"ன்னு கேட்டார். மருந்து இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்களிலேயே நன்றாகக் குணமாகும் நோய்களில் ஒன்று இது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குச் சொல்லாத கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாக ஏபிஎல் என்போம். 1957ல் நார்வேயைச் சேர்ந்த லீஃப் ஹில்லஸ்டாட் என்ற மருத்துவர்தான் இதைத் தனி நோயாக முதலில் எழுதினார். அவர் விவரித்தது மூன்றே மூன்று நோயாளிகளை. மூவருக்கும் கடுமையான ரத்தப்போக்கு, சில வாரங்களில் மரணம். லுக்கேமியாக்களிலேயே மிக மூர்க்கமானது இதுதான் என்பது அவர் முடிவு.

ஏன் இப்படி ரத்தம் கொட்டுகிறது?

நம் எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் படிப்படியாக வளர்கின்றன. எல்கேஜி, ஒண்ணாங்கிளாஸ், பத்தாங்கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நடுவில் ஒரு வகுப்பு ப்ரோமைலோசைட். ஏபிஎல் வந்தவர்களுக்கு அணுக்கள் எல்லாம் அந்த வகுப்பிலேயே தேங்கி நின்றுவிடும். மேலே போகாது. ஆனால் புதுசு புதுசாக அட்மிஷன் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். இந்த அணுக்களின் வயிற்றுக்குள் இருக்கும் சரக்கு ரத்தத்தில் கலந்தால், உறைதல் தாறுமாறாகத் தூண்டப்பட்டு, உறைய வைக்கும் பொருட்கள் எல்லாம் தேவையில்லாத இடத்தில் செலவாகிவிடும். உருவான கொஞ்சநஞ்ச உறைவையும் கரைக்கிற வேலையும் சேர்ந்து நடக்கும். தேவையான இடத்தில் அடைக்க ஒன்றும் மிஞ்சாது. புற்றுநோய் ஆளைக் கொல்வதற்கு முன்பே ரத்தக்கசிவு கொன்றுவிடும்.

கீமோ கொடுத்தால்? 1973ல் பாரிஸில் ஜான் பெர்னார் குழுவினர் டானோரூபிசின் என்ற மருந்துக்கு இந்த நோய் நன்றாகக் கேட்கிறது என்று காட்டினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அணுக்களைக் கூட்டமாக உடைத்தால் உள்ளே இருக்கும் சரக்கு இன்னும் அதிகமாக வெளியே வரும். சிகிச்சை தொடங்கிய முதல் நாட்களிலேயே ரத்தக்கசிவில் இறந்தவர்கள் நிறைய.

இங்கிருந்து கதை ஷாங்காய்க்குப் போகிறது.

வாங் ஜென்யீ. 1924ல் பிறந்தவர். ஷாங்காய் ருய்ஜின் மருத்துவமனையில் ரத்தவியல் மருத்துவர். சீனக் கலாச்சாரப் புரட்சி முடிந்து ஆராய்ச்சிக்கூடங்கள் மெதுவாக மூச்சு விட ஆரம்பித்த எழுபதுகளின் இறுதியில் அவருக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. கெட்டுப்போன அணுவைக் கொன்றுதான் ஆக வேண்டுமா, திருத்த முடியாதா? தேங்கி நிற்கிற அணுவை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டால், அதுவே முதிர்ந்து, தன் ஆயுள் முடிந்து தானாகச் செத்துப் போகுமே!

இந்த யோசனை அவருக்கு மட்டும் சொந்தமில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் லியோ சாக்ஸ் லுக்கேமியா அணுக்களை முதிர வைக்க முடியும் என்று ஏற்கனவே காட்டியிருந்தார். அமெரிக்காவில் தியோடர் பிரைட்மன் குழு, வைட்டமின் ஏவிலிருந்து வரும் ரெட்டினோயிக் அமிலத்தைக் குழாயில் வளர்த்த லுக்கேமியா அணுக்கள் மேல் ஊற்றி, அவை முதிர்வதைக் கண்டிருந்தது. அங்கே மருந்தாகக் கிடைத்தது 13-சிஸ் என்ற வடிவம். ஷாங்காயில் அது கிடைக்கவில்லை. உள்ளூரில் தோல் நோய்க்காகத் தயாரான ஆல்-ட்ரான்ஸ் என்ற வடிவம்தான் கிடைத்தது. சுருக்கமாக ஆட்ரா. கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். அந்த வடிவம்தான் பலமாக வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. அறிவியலில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு சீட்டு உண்டு, ஒத்துக்கத்தான் வேணும்.

எண்பதுகளின் நடுவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஏபிஎல். கீமோ கேட்கவில்லை. காய்ச்சல், ரத்தப்போக்கு, வீட்டார் நம்பிக்கையை விட்டுவிட்ட நிலை. வாங்கின் மனைவியும் குழந்தைகள் மருத்துவர்தான். அவர் பார்த்துக்கொண்டிருந்த வார்டில் இருந்த குழந்தை அவள். மனிதர்களுக்கு இந்த நோய்க்கு யாரும் கொடுத்துப் பார்த்திராத மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் குழந்தை தெளிந்தாள். சில வாரங்களில் நோய் மறைந்தது.

யோசிச்சுப் பாருங்க. தப்பாகப் போயிருந்தால் அந்த மருத்துவரின் கதி என்ன? நானெல்லாம் ஒரு ஆன்டிபயாட்டிக் மாற்றவே சீஃபிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டு மாற்றுகிற ஆள்.

1988ல் அவர்கள் 'ப்ளட்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். அதில் 8 பேருக்கு முன்பு கொடுத்த கீமோ கேட்காமல் போயிருந்தது. 24 பேருக்குமே நோய் முழுக்க மறைந்தது. ஒரே ஒருவருக்கு மட்டும் கூடவே குறைந்த அளவு கீமோ தேவைப்பட்டது. முடி கொட்டவில்லை, மஜ்ஜை வறண்டு போகவில்லை. ரத்தக்கசிவு சில நாட்களில் அடங்கியது. மேற்குலகில் பலர் நம்பவில்லை. பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையின் லோரான் டெகோ நம்பினார், அங்கேயும் கொடுத்துப் பார்த்தார், அங்கேயும் வேலை செய்தது.

ஆனால் ஏன் வேலை செய்கிறது? வேறு எந்த லுக்கேமியாவிலும் இப்படிக் கேட்காத மருந்து இதில் மட்டும் ஏன் கேட்கிறது? யாருக்கும் தெரியாது.

இப்போதுதான் தலைப்பில் சொன்ன புள்ளிகளுக்கு வருகிறோம்.

அதற்கு முன் ஒரு சின்ன பிளாஷ்பேக். 1977ல் சிகாகோவில் ஜேனட் ரௌலியும் சகாக்களும் ஏபிஎல் நோயாளிகளின் குரோமோசோம்களைப் பார்த்து ஒரு விஷயத்தை எழுதினார்கள். 15ம் எண் குரோமோசோமில் ஒரு துண்டும் 17ம் எண்ணில் ஒரு துண்டும் உடைந்து, ஒன்றின் துண்டு இன்னொன்றில் போய் ஒட்டியிருக்கிறது. நம்ம அரசு ஊழியர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், மியூச்சுவல் ட்ரான்ஸ்ஃபர். (ரௌலி குரோமோசோம் படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக் கத்தரித்து ஒட்டிக்கொண்டிருப்பாராம். அம்மா காகிதப் பொம்மை விளையாடுறாங்க என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்களாம்.) உடைந்த இடத்தில் என்ன ஜீன் இருக்கிறது என்பது அப்போது தெரியாது.

அது தெரியவந்த வழி ஒரு சுற்றுவழி. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன் டெஜான் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் கல்லீரல் புற்றுநோயையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு கட்டியில் வைரஸ் போய் செருகிக்கொண்ட ஜீனைத் தோண்டியபோது, அது ரெட்டினோயிக் அமிலத்தை வாங்கும் ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஹியூக் டி தே என்ற இளம் மருத்துவரும் அதே ஆய்வகத்தில். 1987ன் இறுதியில் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ், பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவினர் தனித்தனியாக முதல் ரெட்டினோயிக் அமில ஏற்பியை அறிவித்திருந்தார்கள். அதன் ஜீன் எங்கே உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? 17ம் குரோமோசோமில். ஏபிஎல்லில் உடைகிற அதே வட்டாரத்தில்.

1990ல் பாரிஸ் குழு உட்பட பல குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விடையைக் கண்டுபிடித்தன. 17ல் இருக்கும் ரெட்டினோயிக் ஏற்பி ஜீன் பாதியில் உடைந்து, 15ல் இருக்கும், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு ஜீனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தெரியாத ஜீனுக்கு நோயின் பெயரையே வைத்தார்கள், பிஎம்எல்.

அதாவது வாங் அந்தச் சிறுமிக்கு மாத்திரை கொடுத்தபோது அந்த மருந்து போய்ப் பிடிக்கிற ஏற்பியே உலகத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை. பூட்டைப் பார்க்காமலேயே சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார்.

பாதிக் கதை புரிந்தது. ரெட்டினோயிக் ஏற்பி என்பது டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, வைட்டமின் ஏ தகவல் வந்ததும் "முதிர்ந்து போ" என்று சொல்லும் ஜீன்களைத் திறந்துவிடுகிற புரோட்டீன். ஒட்டுப்போட்ட புரோட்டீன் அதே இடத்தில் உட்கார்ந்து கதவை இறுக்கிப் பூட்டிக்கொள்கிறது. உடம்பில் இயல்பாக இருக்கும் அளவு அமிலத்துக்கு அது அசையாது. மாத்திரையாக நிறைய கொடுத்தால் அசைகிறது. சரி, இன்னொரு பாதியான பிஎம்எல்லின் வேலை என்ன? அதை ஏன் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது?

இதற்கு விடை சொன்னது மைக்ரோஸ்கோப்.

1940களில் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் எதிர்ப்புப் புரதங்களுக்கு ஒளிரும் சாயம் பூசலாம் என்று கண்டுபிடித்தார். எந்தப் புரோட்டீனைத் தேடுகிறோமோ அதைப் போய்ப் பிடிக்கும் ஆன்டிபாடியில் சாயத்தைக் கட்டிவிட்டால், அந்தப் புரோட்டீன் அணுவுக்குள் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடம் மட்டும் ஒளிரும். எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது வேறு. எங்கே இருக்கிறது என்று பார்ப்பது வேறு. அணுக்களை அரைத்து டெஸ்ட் ட்யூபில் போட்டால் முதலாவது தெரியும், இரண்டாவது அழிந்தே போகும்.

இந்த முறையில் பார்க்கும்போது சிலரின் ரத்தம் ஒரு வினோதமான படத்தைக் கொடுத்தது. பித்தநாளங்கள் மெல்ல அழிகிற ஒரு கல்லீரல் நோய் இருக்கிறது. அந்த நோயாளிகளில் சிலருடைய ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகளைச் சாதாரண அணுக்கள் மேல் ஊற்றினால், நியூக்ளியஸுக்குள் சில புள்ளிகள் மட்டும் பளிச் பளிச்சென்று ஒளிரும். (ஏஎன்ஏ டெஸ்ட் எடுத்தவர்கள் ரிப்போர்ட்டில் 'நியூக்ளியர் டாட்ஸ்' என்ற சொல்லைப் பார்த்திருக்கலாம், அதேதான்.) 1960லேயே எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நியூக்ளியஸுக்குள் உருண்டை உருண்டையாக எதையோ பிரான்சில் பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். என்ன வேலை செய்கிறது என்று தெரியாததால் கேட்பாரற்றுக் கிடந்தது.

1994. மூன்று கட்டுரைகள் சில மாத இடைவெளியில் வந்தன. எவன்ஸ் ஆய்வகத்திலிருந்து ஒன்று, டெஜான் பங்கேற்றது ஒன்று, டி தே குழு ஒன்று. பிஎம்எல் புரோட்டீனைப் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சாயம் பூசி ஊற்றிப் பார்த்திருந்தார்கள்.

சாதாரண அணுவில், நியூக்ளியஸுக்குள் பத்து இருபது உருண்டைப் புள்ளிகள். தெளிவாக, தனித்தனியாக. ஒரு மைக்ரானும் இருக்காது ஒவ்வொன்றும்.

ஏபிஎல் அணுவில், அந்த உருண்டைகளைக் காணோம். அதற்குப் பதில் நூற்றுக்கணக்கான மிகச்சிறிய துகள்கள் நியூக்ளியஸ் முழுக்கத் தூவிக் கிடந்தன. கோலப்பொடியைக் கையில் எடுத்துப் புள்ளி வைக்காமல் அப்படியே விசிறியடித்த மாதிரி.

ஏபிஎல் அணுவுக்கு ஆட்ரா கொடுத்த பிறகு பார்த்தால், துகள்கள் போய் உருண்டைகள் திரும்ப வந்திருந்தன.

நான் மெடிக்கல் காலேஜில் பார்த்த எந்த ஸ்லைடும் என்னை இப்படி உலுக்கியதில்லை. இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது ஹாஸ்டல் ரூமில் எழுந்து நின்றுவிட்டேன்.

ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். நம்ம ஜிஹெச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஓபி சீட்டு ஓர் இடம், லேப் ஓர் இடம், ப்ளட் பேங்க் ஓர் இடம், மருந்து கொடுக்கிற ஜன்னல் ஓர் இடம். ஒரு நாள் காலையில் ஒருத்தர்கூட லீவ் இல்லை, எல்லா ஊழியர்களும் வந்திருக்கிறார்கள், ஆனால் யாரும் தங்கள் இடத்தில் இல்லை, வராண்டா முழுக்கச் சிதறி நிற்கிறார்கள் என்றால் ஆஸ்பத்திரி ஓடுமா? வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஏபிஎல் அணுவின் நிலைமை அதுதான்.

பிஎம்எல் என்ற புரோட்டீன் அந்த உருண்டையைக் கட்டுகிற சாரம். அதன் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு புரோட்டீன்கள் வந்து கூடுகின்றன. சேதமான அணுவைப் பெருக விடாமல் நிறுத்துவது, தேவைப்பட்டால் தன்னையே அழித்துக்கொள்ளச் சொல்வது போன்ற வேலைகளில் அந்தக் கூட்டத்துக்குப் பங்கு உண்டு. ஒட்டுப்போட்ட புரோட்டீன் நல்ல பிஎம்எல்லையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சிதறடிக்கிறது. ஒரு பக்கம் முதிர்வதற்கான கதவு பூட்டப்படுகிறது, இன்னொரு பக்கம் காவல் நிலையம் கலைக்கப்படுகிறது.

இந்த இடத்தில்தான் கதையின் இரண்டாவது மருந்து வருகிறது. கேட்டால் சிரிப்பீர்கள். வெள்ளைப் பாஷாணம். ஆமாம், ஆர்சனிக்.

சீனாவின் வடகிழக்கில் ஹார்பின் நகரம். எழுபதுகளின் தொடக்கத்தில் கிராமத்தில் ஒரு நாட்டு வைத்தியர் புற்றுநோய்க்கு ஏதோ கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஜாங் திங்டொங் என்ற மருத்துவரும் மருந்தாளுநரான சகா ஒருவரும் அதை விசாரித்தார்கள். அந்தக் கலவையில் ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை விஷம். ஜாங் குழு ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது, தேரை விஷம் ரத்த அழுத்தத்தை ஏற்றியது, வேலை செய்தது ஆர்சனிக் என்று கண்டார்கள். எல்லா லுக்கேமியாவையும் சோதித்ததில் மிக நன்றாகக் கேட்டது ஏபிஎல். சீன மொழி இதழ்களில் வந்ததால் வெளியே யாரும் கவனிக்கவில்லை. (ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபவுலர் கரைசல் என்று ஆர்சனிக் மருந்தை லுக்கேமியாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு வந்த மருந்துகளால் அது மறக்கப்பட்டது.)

தொண்ணூறுகளில் ஷாங்காய்க் குழு ஹார்பினோடு கைகோத்தது. வாங்கின் மாணவர்களான சென் ஜூ, சென் சைஜுவான் தம்பதி பாரிஸில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பியிருந்தார்கள். ஆட்ராவுக்குப் பிறகு நோய் திரும்ப வந்தவர்களுக்கு ஆர்சனிக் கொடுத்தபோது பெரும்பாலானவர்களுக்கு மறுபடியும் நோய் மறைந்தது. 1996, 97ல் கட்டுரைகள் வந்தன. 2000ல் அமெரிக்க எஃப்டிஏவே ஒப்புதல் கொடுத்துவிட்டது. சென் ஜூ பிற்காலத்தில் சீனாவின் சுகாதார அமைச்சர் ஆனார்.

மறுபடி அதே மைக்ரோஸ்கோப் கேள்வி. ஆர்சனிக் ஊற்றினால் புள்ளிகளுக்கு என்ன ஆகிறது? உருண்டைகள் திரும்ப வருகின்றன! அதுவும் ரெட்டினோயிக் ஏற்பியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல். ஆர்சனிக் பிடிப்பது ஒட்டுப் புரோட்டீனின் மறுபாதியை, அதாவது பிஎம்எல் பகுதியை. 2010ல் சென் தம்பதி இருந்த குழு அந்தப் பகுதியில் இருக்கும் சிஸ்டீன்களில் ஆர்சனிக் நேரடியாகப் போய் உட்காருவதைக் காட்டியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே டி தே குழுவும் ஸ்காட்லாந்தில் ரொனால்ட் ஹே குழுவும் அடுத்த படியைக் காட்டியிருந்தார்கள். சிதறிய புரோட்டீன் உருண்டைக்குள் திரட்டப்படுகிறது, அங்கே அதன் மேல் சுமோ என்ற சின்ன புரோட்டீன் முத்திரையாகக் குத்தப்படுகிறது, அதைப் பார்த்து இன்னொரு நொதி வந்து குப்பைக்கு அனுப்புகிறது.

ஒட்டுப்போட்ட ஒரே புரோட்டீன். அதன் ஒரு பாதியை ஆட்ரா பிடிக்கிறது, மறு பாதியை ஆர்சனிக் பிடிக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒன்று தோல் மருந்துக் கடையிலிருந்து வந்தது, இன்னொன்று கிராமத்து வைத்தியரிடமிருந்து வந்தது.

ஆட்ரா மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் நோய் திரும்பிவிடுகிறது. அணு முதிர்ந்தால் போதும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். போதாது. ஒட்டுப் புரோட்டீன் முழுசாக அழிய வேண்டும், உருண்டைகள் திரும்ப வேலைக்கு வர வேண்டும், அப்போதுதான் நோயின் வேர் போகிறது என்று டி தே குழுவின் பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஆர்சனிக் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிஎம்எல்லில் மாற்றம் ஏற்பட்ட சில நோயாளிகளுக்கு ஆர்சனிக் கேட்காமல் போவதையும் 2014ல் சீனாவிலிருந்து எழுதினார்கள். இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடக் கறாரான சாட்சி இல்லை.

2013ல் இத்தாலியின் ஃப்ரான்செஸ்கோ லோ கோக்கோ தலைமையில் ஒரு ஆய்வு. அதிக ஆபத்துப் பிரிவில் இல்லாத ஏபிஎல் நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு ஆட்ராவோடு ஆர்சனிக், இன்னொரு பிரிவுக்கு ஆட்ராவோடு கீமோ. இரண்டு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல், எந்தப் பின்னடைவும் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 97 சதவீதம், இரண்டாவதில் 86. வழக்கமான கீமோ இல்லாமல் ஒரு அக்யூட் லுக்கேமியா குணமாகிறது. 1957ல் சில வாரத்தில் மரணம் என்று எழுதப்பட்ட அதே நோய்.

நம்ம ஊர்ப் பங்கும் உண்டு, பலருக்குத் தெரியாது. வேலூர் சிஎம்சியில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 1998 முதல் 2004 வரை புதிதாக வந்த 72 ஏபிஎல் நோயாளிகளுக்கு ஆர்சனிக்கை மட்டுமே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். காரணம் எளிது. ஆட்ராவும் கீமோவும் வாங்க நம் நோயாளிகளிடம் காசு இல்லை. 86 சதவீதம் பேருக்கு நோய் முழுக்க மறைந்தது. 2006ல் 'ப்ளட்' இதழில் வந்த அந்தக் கட்டுரையை இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். பணமில்லாத கொடுமையிலிருந்து பிறந்த ஆய்வு, ஆனால் அறிவியலில் ஒரு படி குறையவில்லை.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி டாக்டராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். பாஷாணம் சேர்த்த மருந்து தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். வார்டில் ஆர்சனிக் ஏற்றும்போது இசிஜி பார்த்துக்கொண்டே இருப்போம், பொட்டாசியம் மெக்னீசியம் பார்த்துக்கொண்டே இருப்போம், அளவு தப்பினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். ஆட்ராவிலும் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும், உடனே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். இரண்டும் ஆஸ்பத்திரிக்குள் நடக்க வேண்டிய சமாச்சாரம்.

இப்போது அந்த 23 வயதுப் பெண்ணுக்குத் திரும்பி வருகிறேன்.

ஏபிஎல்லில் இன்று மிச்சமிருக்கிற பெரிய பிரச்சினை மருந்து இல்லை. முதல் சில நாட்கள்தான். அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். தாண்டுவதற்குள் ரத்தக்கசிவில் போய்விடுகிறார்கள். அதனால்தான் ஸ்மியரில் சந்தேகம் வந்த உடனே, ஜீன் டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், ஆட்ராவைத் தொடங்கு என்பது உலகம் முழுக்க விதி. தட்டணுவும் பிளாஸ்மாவும் தாராளமாக ஏற்று என்பது கூடவே வரும் விதி.

ஜீன் டெஸ்ட் வர நாட்கள் ஆகும். ஆனால் 1994ல் பார்த்த அந்தப் புள்ளிகளையே டெஸ்டாக மாற்றிவிட்டார்கள். நோயாளியின் ரத்தத்தையோ மஜ்ஜையையோ ஸ்லைடில் தடவி, சாயம் பூசிய பிஎம்எல் ஆன்டிபாடியை ஊற்றி, ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் போதும். உருண்டைகள் தெரிந்தால் ஏபிஎல் இல்லை. துகள்கள் சிதறிக் கிடந்தால் ஏபிஎல். இரண்டு மூன்று மணி நேர வேலை. எத்தனை மாவட்ட மருத்துவமனைகளில் இதைச் செய்ய முடியும் என்று கேட்காதீர்கள், பதில் சொல்ல எனக்குச் சங்கடம். ஸ்மியரை இரவிலேயே பார்க்க ஒரு ஆள் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்தப் பெண் எங்களிடம் வந்தது இரவு பதினொன்றரை. ஸ்மியர் போட்டது பன்னிரண்டு. பார்த்தது பத்து மணி.

அதற்குச் சில வருடம் கழித்து, வேறு ஆஸ்பத்திரியில், நான் டூட்டி டாக்டர். 31 வயது, லாரி டிரைவர். பல் பிடுங்கிய இடத்தில் மூன்று நாளாக ரத்தம் நிற்கவில்லை. தொடையில் கன்றல். நானே ஸ்மியரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். லேப் டெக்னீஷியன் அக்கா, "என்ன சார் இந்த நேரத்துல"ன்னு திட்டிக்கொண்டே சாயம் போட்டுக் கொடுத்தார். குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்த மாதிரி உள்ளே கோடுகள் கொண்ட அணுக்கள். பாடப்புத்தகத்தில் பார்த்த அதே படம். ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பிளாஸ்மா ஏற்றியபடியே 108ல் அனுப்பினோம். அங்கே விடிவதற்குள் முதல் கேப்ஸ்யூலைக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போதும் லாரி ஓட்டுகிறார். பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும்.

எல்லாப் புற்றுநோயையும் இப்படித் திருத்த முடியுமா என்று கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். ஏபிஎல்லில் பெரும்பாலும் ஒரே ஒரு ஒட்டுப் புரோட்டீன்தான் வில்லன், அதன் இரண்டு பாதிக்கும் பிடிமானம் கிடைத்தது. நுரையீரல், கணையம் மாதிரி இடங்களில் ஒரே கட்டிக்குள் டஜன் கணக்கில் கோளாறுகள். ஆனால் அணுவுக்குள் எது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் கருவிகள் 1994ல் இருந்ததைவிட எவ்வளவோ கூர்மையாகிவிட்டன. ஒளியின் எல்லையைத் தாண்டிப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்புகளுக்காக 2014ல் எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் நோபல் கிடைத்தது. 2018ல் சென் ஜூ, ஆன் டெஜான், ஹியூக் டி தே மூவருக்கும் ஸ்வீடனின் ஷொபெரி பரிசு. 2020ல் வாங் ஜென்யீக்கும் ஹார்பின் ஜாங்குக்கும் சீனாவின் ஃபியூச்சர் சயின்ஸ் பரிசு. வாங்குக்கு அப்போது 95 வயதைத் தாண்டியிருந்தது.

ஈறில் ரத்தம், காரணமில்லாமல் கன்றல், நிற்காத மாதவிலக்கு, கூடவே காய்ச்சல். சீசனாக இருந்தாலும் "டெங்குதானே"ன்னு இருந்துவிடாமல், ஸ்மியர் பார்த்தீர்களா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை கேளுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.